வார்ப்பிரும்பு விரிசல்: அம்பாசிடர் மேனிஃபோல்டுக்கு வைத்தியம்

(மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கவிதையும் துணுக்கும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நம் படிப்புக்கும் நாளைய பிழைப்புக்கும் உதவுகிற மாதிரி ஒரு விஷயத்தை எழுதலாமே என்று நினைத்தேன். அதனால் பழைய கார்களின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு ஏன் வெடிக்கிறது, வெடித்தால் எப்படிச் சரி செய்வது என்பதை எடுத்துக்கொண்டேன்.

"அம்பாசிடர்தான் நின்னு போச்சே, இப்ப எதுக்கு அது?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1950களின் இறுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு கார் அதற்கும் எவ்வளவோ முன்னாலேயே நின்றுபோனது. ஆனால் உற்பத்தி நின்றதால் ஓட்டம் நிற்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாளில் வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் நடந்து பாருங்கள். மாலை சுற்றிய வெள்ளை அம்பாசிடர் ஒன்றாவது கண்ணில் படும். ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதியே கொண்டுவந்துவிட்டது. ஆக, இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக் தேவைப்படுகிறது. அந்த மெக்கானிக் நாமாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 'வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது கடினம்' என்று புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. இரண்டு மார்க் கேள்விக்கு அந்த வரி போதும். பட்டறையில் அது போதாது. ஏன் கடினம், எப்படி எளிதாக்குவது என்று தெரிய வேண்டும். மேனிஃபோல்டை வைத்துப் பார்த்தால் அது நன்றாக விளங்கும்.

மேனிஃபோல்டு என்ன செய்கிறது?

சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த வாயு எக்சாஸ்ட் வால்வு வழியாக வெளியே வருகிறது. நான்கு சிலிண்டரின் புகையையும் ஒன்று சேர்த்து ஒரே குழாயில் விட்டு, சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்புப் பொருள்தான் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு. நம்ம ஊர் ஏரிக் கால்வாய்கள் பல மதகிலிருந்து வந்து ஒரு வாய்க்காலில் சேருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்காலம் அம்பாசிடரில் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரீஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சிலிண்டர் ஹெட்டில் எக்சாஸ்டுக்கு நான்கு வாய் கிடையாது, மூன்றுதான். 1-ஆம் சிலிண்டருக்கு ஒன்று, 4-ஆம் சிலிண்டருக்கு ஒன்று, நடுவில் உள்ள 2-க்கும் 3-க்கும் சேர்த்து ஒன்று. இரண்டு சிலிண்டரின் சூட்டையும் நடு வாய் ஒன்றே வாங்குகிறது. அதனால் மேனிஃபோல்டின் நடுப்பகுதி ஓரங்களை விட அதிகம் காய்கிறது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த எஞ்சினில் கார்புரேட்டர் உட்காரும் இன்லெட் மேனிஃபோல்டும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆக, எக்சாஸ்டில் ஓட்டை விழுந்தால் கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே நெருப்பு மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

சாம்பல் வார்ப்பிரும்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உருக்கினால் தண்ணீர் மாதிரி ஓடி, மணல் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறையும். விலை குறைவு. சூட்டைத் தாங்கும். அதிர்வை விழுங்கும். குறை ஒன்றுதான்: அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதற்குள் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. பெரும்பகுதி கிராஃபைட் சிலும்புகளாக, இரும்புக்கு நடுவே சின்னச் சின்னக் கீறல்கள் போலக் கிடக்கிறது. இழுக்கும்போது விரிசல் ஒரு சிலும்பிலிருந்து அடுத்த சிலும்புக்குத் தாவிப் போகிறது.

ஏன் வெடிக்கிறது? ஒரு சின்னக் கணக்கு

மேனிஃபோல்டின் நீளம் 400 மி.மீ. என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பின் நீள்விரிவெண் ஒரு டிகிரிக்கு சுமார் 0.000011. ஓடும்போது மேனிஃபோல்டின் சூடு 500 டிகிரி ஏறுகிறது என்றால்,

விரிவு = 400 × 0.000011 × 500 = 2.2 மி.மீ.

அது போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருக்கும் சிலிண்டர் ஹெட் அப்படிக் காயாது. உள்ளே தண்ணீர் சுற்றுகிறது. அதன் சூடு 70 டிகிரி ஏறினால் விரிவு சுமார் 0.3 மி.மீ.தான். வித்தியாசம் 1.9 மி.மீ. மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் இந்த அளவுக்கு வழுக்கிப் போக வேண்டும். அதற்காகத்தான் ஸ்டட் ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, தடித்த வாஷர் போட்டுப் பிடிக்கிறார்கள்.

வழுக்க முடியாமல் போனால்? துரு பிடித்து ஒட்டிக்கொண்டது, அல்லது யாரோ பைப் மாட்டி ஸ்பேனரை ஏறி மிதித்து இறுக்கிவிட்டார்கள் என்று வைப்போம். விரிவு முழுவதும் தடுக்கப்பட்டால் உண்டாகும் தகைவைக் கணக்கிடலாம். வார்ப்பிரும்பின் யங் குணகம் சுமார் 1,00,000 மெகாபாஸ்கல். அதை விரிவெண்ணாலும், 430 டிகிரி வித்தியாசத்தாலும் பெருக்கினால் சுமார் 470 மெகாபாஸ்கல் வருகிறது. இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 210-இல் எஃப்.ஜி. 150, எஃப்.ஜி. 200, எஃப்.ஜி. 260 என்றெல்லாம் ரகங்கள் உண்டு. அந்த எண்தான் இழுவிசையில் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச மெகாபாஸ்கல். 470 எங்கே, 200 எங்கே!

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். சூட்டில் விரிய முடியாமல் தடுத்தால் உண்டாவது அமுக்கம்தானே, வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குமே? நல்ல கேள்வி. சூடாக இருக்கும்போது அது அமுக்கத்தில் உள்ளுக்குள் கொஞ்சம் நசுங்கி நீளம் குறைந்துவிடுகிறது. எஞ்சினை நிறுத்தி ஆறும்போது, குறைந்த நீளத்திலிருந்து இன்னும் சுருங்கப் பார்க்கிறது. ஸ்டட்டுகள் விடுவதில்லை. அப்போதுதான் இழுவிசை. எங்கள் வீட்டில் தறி உண்டு. நனைந்த பாவை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டுக் காய விட்டால் எந்த இழை நைந்திருக்கிறதோ அதுதான் முதலில் அறும். மேனிஃபோல்டும் அப்படித்தான். ஓடும்போது வெடிப்பதை விட, ஓடி முடித்து நிழலில் நிற்கும்போதே பல விரிசல்கள் பிறக்கின்றன.

இது தவிர வேறு காரணங்களும் உண்டு:

1. சூடான மேனிஃபோல்டின் மேல் தண்ணீர் படுவது. வண்டி வந்து நின்றவுடன் போனட்டைத் திறந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பெரிய தப்பு.

2. சைலன்சர் பைப்பைத் தாங்கும் கிளாம்ப் உடைந்து, மொத்தப் பாரமும் மேனிஃபோல்டில் தொங்குவது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போனாலும் இதே கதிதான்.

3. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது. எரிதல் தாமதமாகி, தீ வால்வைத் தாண்டி மேனிஃபோல்டுக்குள் வருகிறது.

4. வயசு. வருடக்கணக்கில் காய்ந்து ஆறினால் சாம்பல் வார்ப்பிரும்பு நிரந்தரமாகக் கொஞ்சம் பெருத்துவிடும். உள்ளே பெர்லைட் பிரிந்து கிராஃபைட் ஆவதும், சிலும்புகளின் வழியே ஆக்சிஜன் புகுந்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடிப்பதும் இதற்குக் காரணம். 'வார்ப்பிரும்பு வளர்ச்சி' என்றே இதற்குப் பெயர்.

புதிய கார்களில் இதனால்தான் சாம்பல் வார்ப்பிரும்பு குறைந்துவிட்டது. 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் என்பவர் உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்த்துப் பார்த்தபோது கிராஃபைட் சிலும்பாக இல்லாமல் உருண்டையாக உறைந்தது. அந்த எஸ்.ஜி. இரும்பில் சிலிக்கனும் மாலிப்டினமும் கூட்டிச் செய்த மேனிஃபோல்டுகளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேனிஃபோல்டுகளும் இன்று வருகின்றன. அம்பாசிடருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக் டிக்' என்று டேப்பட் சத்தம் மாதிரி வரும். எஞ்சின் காய்ந்ததும் சத்தம் குறையும். விரிசல் விரிந்து மூடிக்கொள்வதால் அப்படி. டேப்பட் என்று நினைத்து அட்ஜஸ்ட் செய்து கொண்டே இருப்பவர்கள் உண்டு. விரிசல் உள்ள இடத்தில் கருப்புப் புகைக்கோடு படிந்திருக்கும். அதுதான் கையெழுத்து.

கழற்றிய பிறகு பார்க்க நம் லேபில் டை பெனட்ரன்ட் இருக்கிறது. அது இல்லாத பட்டறையில் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊற விட்டுத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினால் விரிசலுக்குள் இருந்த எண்ணெய் கசிந்து கோடு கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் 4 செ.மீ. என்றால் சாக்பீஸ் 6 செ.மீ. காட்டும். வைத்தியம் சாக்பீஸ் காட்டும் நீளத்துக்குத்தான் செய்ய வேண்டும்.

இதில் உயிர் விஷயம் ஒன்று இருக்கிறது, நண்பர்களே. பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றிச் செல்லும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பழைய கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. மேனிஃபோல்டில் கசிந்தால் புகை சைலன்சருக்குப் போகாமல் போனட்டுக்குள் பரவி, பெடல் ஓட்டை, கேபிள் ஓட்டை வழியாக உள்ளே வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆறு பேர் உட்கார்ந்து போகும் வண்டியில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் 'பஸ் ஒத்துக்கல, கார் ஒத்துக்கல' என்று விட்டுவிடாதீர்கள். மேனிஃபோல்டைப் பாருங்கள்.

வெல்டிங்குக்கு ஏன் முரண்டு பிடிக்கிறது?

சாதாரண ஸ்டீலில் கார்பன் 0.2 சதவீதம் அளவில் இருக்கிறது. வார்ப்பிரும்பில் அதைப்போலப் பதினைந்து மடங்கு. வெல்டிங் ஆர்க் பட்ட இடம் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டை உறிஞ்ச, சட்டென்று உறைகிறது. கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாத கார்பன், இரும்போடு சேர்ந்து சிமென்டைட் ஆகிறது. இது வெள்ளை வார்ப்பிரும்பு. கண்ணாடி மாதிரி, அரம் கூட ஏறாது.

அதற்கு அடுத்த அடுக்கு உருகவில்லை, ஆனால் 723 டிகிரிக்கு மேல் காய்ந்தது. அங்கே கிராஃபைட்டிலிருந்து கார்பன் இரும்புக்குள் கரைந்து, வேகமாக ஆறும்போது மார்ட்டென்சைட் ஆகிறது. இதுவும் கடினம், இதுவும் நொறுங்கும். இந்த நேரத்தில் வெல்டிங் கோடு சுருங்கி இழுக்கிறது. ஸ்டீலாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். வார்ப்பிரும்புக்கு நீளத் தெரியாது. வெல்டிங் நன்றாகவே இருக்கும், அதற்கு இரண்டு மூன்று மி.மீ. பக்கத்தில் புது விரிசல் 'டிங்' என்ற சத்தத்தோடு கிளம்பும்.

ஆக, எதிரிகள் இரண்டு: வேகமாக ஆறுவது, சுருங்கி இழுப்பது. கீழே சொல்லும் எல்லா வழிகளும் இந்த இரண்டையும் சமாளிப்பதற்குத்தான்.

நான்கு வழிகள்

முதலாவது, பித்தளை வெல்டிங் என்று பட்டறையில் சொல்லும் பிரேசிங். வெண்காரம் போட்டு, 900 டிகிரி பக்கத்தில் பித்தளை ராடை உருக்கி ஒட்டுவது. தாய் உலோகம் உருகாததால் வெள்ளை இரும்பு தொல்லை இல்லை. பம்பு உடல், கியர் பெட்டி, தையல் மெஷின் கால் எல்லாவற்றுக்கும் அருமையானது. ஆனால் 250, 300 டிகிரிக்கு மேல் பித்தளையின் பலம் வேகமாகக் குறைகிறது. மேனிஃபோல்டு ஓடுவதே அதற்கு மேலான சூட்டில். ஆகவே நடு வாய் பக்கம் இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, சூடு போட்டுச் செய்யும் கேஸ் வெல்டிங். முழு மேனிஃபோல்டையும் மங்கிய சிவப்பு வரும் வரை, அதாவது 600 டிகிரி அளவுக்குக் கரி அடுப்பில் காய்ச்சி, சிலிக்கன் அதிகமுள்ள வார்ப்பிரும்பு ராடும் ஃபிளக்ஸும் போட்டு வெல்டிங் செய்து, மெதுவாக ஆற விடுவது. எல்லாமே சூடாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகச் சுருங்குகிறது. போட்ட உலோகமும் தாய் உலோகமும் ஒரே ஜாதி என்பதால் பிறகு ஓடும்போதும் ஒரே மாதிரி விரியும். மேனிஃபோல்டுக்கு இதுவே மிகப் பொருத்தமான வைத்தியம். வேலை அதிகம். மேனிஃபோல்டு வளையும் அபாயமும் உண்டு.

மூன்றாவது, நிக்கல் ராடு வைத்துச் செய்யும் குளிர்ந்த ஆர்க் வெல்டிங். நிக்கல் கார்பனோடு சேர்ந்து கார்பைடு ஆகாது. வெல்டிங் மிருதுவாக இருந்து நீண்டு கொடுக்கும். மேனிஃபோல்டுக்குச் சுத்த நிக்கலை விட, நிக்கல் சுமார் 55 சதவீதமும் மீதி பெரும்பாலும் இரும்பும் உள்ள ராடு நல்லது. கரண்ட் குறைவாக வைத்து, ஒரு அங்குலம் மட்டும் போட்டு, சிவப்பு ஆறுவதற்குள் பால்பீன் சுத்தியால் மெல்லத் தட்டி, கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு வேறொரு இடத்தில் அடுத்த அங்குலம் போட வேண்டும். தட்டுவது அழகுக்காக அல்ல. சுருங்குகிற உலோகத்தைத் தட்டி நீட்டிக் கொடுத்தால் இழுவிசை குறையும். ஒரே மூச்சில் கோடு இழுத்தால் ராடின் விலை வீண். நிக்கல் ராடு ஒன்றின் விலைக்குச் சாதாரண ராடு பல வாங்கலாம்.

நான்காவது, தையல் போடுவது. விரிசலின் நீளத்துக்கு வரிசையாகத் துளை போட்டு, மரை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி உலோக ஆணிகளைத் திருகி, குறுக்கே பூட்டுக்கட்டை அடித்து இறுக்குவது. சூடே இல்லை. சிலிண்டர் பிளாக், பெரிய பிரஸ் உடல் போன்ற தடித்த வார்ப்புகளுக்குப் பிரமாதம். மேனிஃபோல்டின் சுவர் மெலிசு என்பதால் மரைக்குப் பிடிமானம் போதாது.

எபாக்சி பசை, சைலன்சர் பேஸ்ட் எல்லாம் வழியில் வண்டி நின்றால் வீடு வந்து சேரத்தான். வைத்தியக் கணக்கில் சேராது.

பட்டறையில் பார்த்த ஒரு வேலை

போன வருடம் லீவில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு அம்பாசிடர் வாடகைக்கு விடும் பெரியவர் ஒருவர் மேனிஃபோல்டைக் கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வேறு ஊரில் எங்கேயோ சாதாரண ஸ்டீல் ராடு வைத்து ஆர்க் அடித்திருந்தார்கள். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. வெல்டிங் அப்படியே இருக்க, அதன் இரண்டு பக்கமும் புது விரிசல். ஒரு விரிசல் மூன்றாகியிருந்தது. பத்து நாளில் அவருக்கு இரண்டு முகூர்த்த புக்கிங். அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு வருமானம் கிடையாது. போன சவாரியில் பொண்ணு வீட்டு அம்மா ஒருவர் வண்டியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார் என்றும் சொன்னார்.

பட்டறை அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா தம்பி, படிக்கிற புள்ள நீ. வெல்டிங் நிக்குது, பக்கத்துல வெடிக்குது. முப்பது வருஷமா பாக்கறேன். ஏன்னு உங்க புக்குல போட்டிருக்கா?"

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வந்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. சாக்பீஸால் தரையில் படம் போட்டு, வெள்ளை இரும்பு அடுக்கு, மார்ட்டென்சைட் அடுக்கு, சுருங்கும் இழுப்பு என்று மேலே எழுதியதைச் சொன்னேன். அண்ணன் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பக்கத்து அடுக்கையும் சேத்து வெட்டி எடுத்தாதான் ஆவும்" என்றார். அது புத்தகத்தில் நேராகச் சொல்லாத விஷயம். ஆனால் சரியான விஷயம். வேலை நடந்த விதம் இதுதான்:

1. பழைய ஸ்டீல் வெல்டிங் முழுவதையும், அதன் இரண்டு பக்கமும் கடினமான அடுக்கு போகும் வரை, கிரைண்டரில் எடுத்தோம். அரம் வழுக்காமல் கடித்தால் நல்ல இரும்பு வந்துவிட்டது என்று அடையாளம்.

2. சாக்பீஸ் சோதனை செய்து, விரிசல்களின் நுனிகளைத் தாண்டி 3 மி.மீ. துளை போட்டோம். கூர்மையான நுனியில்தான் தகைவு குவியும். நுனி வட்டமானால் விரிசல் மேலே ஓடாது.

3. விரிசல் நெடுக 'வி' பள்ளம் எடுத்தோம். கடைசிப் பூச்சுக்குக் கிரைண்டரை விட்டுவிட்டு உளியும் அரமும்தான். கிரைண்டர் கிராஃபைட்டை மேலே மை மாதிரி தேய்த்துவிடும், உலோகம் ஒட்டாது.

4. வருடக்கணக்கில் ஊறிய கரியையும் எண்ணெயையும் கேஸ் தீயில் எரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். இதைச் செய்யாவிட்டால் வெல்டிங்கில் ஓட்டை ஓட்டையாக வரும்.

5. வளையாமல் இருக்க, முகப்புகளைத் தடித்த பழைய இரும்புத் தட்டில் போல்ட்டு போட்டுப் பிடித்தோம்.

6. செங்கல் அடுக்கிக் கரி அடுப்பு கட்டி, மெதுவாகக் காய்ச்சினோம். நிழலில் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கிய சிவப்பு வந்ததும், அடுப்பிலிருந்து எடுக்காமலேயே கேஸ் வெல்டிங். ராடு தீர்ந்தபோது அண்ணன் பழைய பிஸ்டன் ரிங்கை ராடாக எடுத்தார். "குரோம் பூசின ரிங்கு ஆவாது, வெறும் வார்ப்பு ரிங்குதான்" என்றார். அதுவும் வார்ப்பிரும்புதானே!

7. முடிந்ததும் மறுபடி ஒரே சீராகக் காய்ச்சி, அடுப்பிலேயே சாம்பலும் உலர்ந்த மணலும் கொட்டி மூடினோம். மறுநாள் மத்தியானம் வரை யாரும் தொடவில்லை. பெரியவர் காலையிலேயே வந்து திறக்கச் சொல்லிக் கெஞ்சினார். அண்ணன், "ஐயா, ஆறறதுதான் வேலையே. இப்ப தொறந்தா நேத்து செஞ்சதெல்லாம் போச்சு" என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

8. எடுத்ததும் மறுபடி சாக்பீஸ் சோதனை. பிறகு வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, சோப்பு நுரை பூசிப் பார்த்தோம். நடு வாய் பக்கம் ஒரு இடத்தில் மட்டும் சின்னக் குமிழி. அதற்காக மறுபடி முழுவதும் காய்ச்சி, அந்த இடத்தை மட்டும் செய்து, இன்னொரு நாள் ஆற விட்டோம்.

9. முகப்பில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் போட்டோம். 0.2 மி.மீ. தகடு நுழையக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் கணக்கு. நடுவில் நுழைந்தது. மூன்று முகப்பையும் ஒரே மட்டத்துக்குச் சீவி எடுத்தோம்.

முதல் முகூர்த்தத்துக்கு வண்டி போகவில்லை. பெரியவர் வேறு வண்டி பிடித்துக் கொடுத்தார், அன்றைய வாடகை அவருக்கு நஷ்டம்தான். குமிழியோடு மாட்டிக் கொடுத்திருந்தால் போயிருக்கும். ஆனால் உள்ளே உட்காருபவர்களுக்கு அந்தக் குமிழி தெரியாது. இரண்டாவது முகூர்த்தத்துக்கு வண்டி போனது. ஆறு மாதம் கழித்து மேனிஃபோல்டைப் பார்த்தோம், கருப்புக் கோடு இல்லை.

மாட்டும்போது கவனிக்க

பாதி மேனிஃபோல்டுகள் மாட்டும் விதத்தில்தான் மறுபடி வெடிக்கின்றன. ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து புது பேக்கிங் போட வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்டை மாற்றி, பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை கழற்ற எளிது. நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றில் சமமாக இறுக்க வேண்டும். நட்டை இறுக்கி மேனிஃபோல்டை ஹெட்டுக்கு இழுக்கக் கூடாது. கையால் வைத்தாலே சமமாக உட்கார வேண்டும். சைலன்சர் பைப்பின் கிளாம்ப்பை மறக்காதீர்கள். ஒரு தடவை ஓட்டிக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எப்போது முடியாது என்று சொல்ல வேண்டும்? சுவர் துருப்பிடித்துத் தகடாகிவிட்டால், விரிசல் முகப்பின் ஸ்டட் ஓட்டை வரை போய்த் துண்டு கையோடு வந்துவிட்டால், அரம் வைத்த இடமெல்லாம் கருப்பாக உதிர்ந்தால், அந்த இரும்பு முடிந்தது. நல்ல பழைய மேனிஃபோல்டு தேடச் சொல்ல வேண்டும், அல்லது மாதிரி கொடுத்துப் புதிதாக வார்க்கச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளுக்குப் பஞ்சமில்லை.

வைவாவில் கேட்டால்

வார்ப்பிரும்பை ஏன் முன்சூடு செய்கிறோம்? ஆறும் வேகத்தைக் குறைத்து, வெள்ளை இரும்பும் மார்ட்டென்சைட்டும் உண்டாகாமல் தடுக்க. எல்லாம் ஒன்றாகச் சுருங்க.

நிக்கல் ராடு ஏன்? கார்பைடு ஆகாது, மிருது, சுருங்கும்போது நீண்டு கொடுக்கும்.

பீனிங் ஏன்? சுருங்கும் இழுவிசையைக் குறைக்க.

விரிசல் நுனியில் துளை ஏன்? தகைவுக் குவிப்பைக் குறைக்க.

மேனிஃபோல்டுக்குப் பிரேசிங் ஏன் கூடாது? வேலை செய்யும் சூட்டில் பித்தளைக்குப் பலம் இல்லை.

நண்பர்களே, இந்தப் பதில்களை மனப்பாடம் செய்தால் மார்க் வரும். லீவு நாளில் உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் நின்று, அரம் கடிக்கிறதா வழுக்குகிறதா என்று கையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். மார்ட்டென்சைட் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு மறக்காது. அங்கே யாராவது "ஏன் தம்பி?" என்று கேட்டால், படித்ததைத் தயங்காமல் அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.